கேள்வியைப் பாடிக் கேள்

அன்புள்ள தங்கைக்கு,

இசைக் கல்லூரியில் விரிவுரை வகுப்பென்றால் மனம் ஒட்டவில்லை, எல்லோரும் பேசும் கலந்துரையாடல் வகுப்புதான் பிடிக்கிறது, இனி அதையே தேர்ந்தெடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். தேர்ந்தெடு. ஆனால் கைவசம் பாடம் இல்லாமல் அங்கே போய் உட்காராதே.

தோடி ராகத்தையே எடுத்துக்கொள். எட்டாவது மேளம், சாதாரண காந்தாரம் என்று விரிவுரையில் எழுதிக்கொள்வாய். அந்தக் காந்தாரத்தை அசைக்காமல் நேராகப் பிடித்தால் சிந்துபைரவி எட்டிப்பார்க்கும். அசைவு எங்கே தொடங்குகிறது, எவ்வளவு தூரம் போகிறது என்பதை நாலு பேர் பாடிப் பார்த்து வாதாடும்போது காது பிடித்துக்கொள்ளும் அளவுக்கு எந்தக் குறிப்பேடும் சொல்லித்தராது. ஆனால் அந்த நாலு பேருக்கும் தோடியில் ஒரு வர்ணமாவது பாடமாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் யாருடைய தோடி யாருக்குப் பிடிக்கும் என்ற பேச்சிலேயே வகுப்பு முடிந்துவிடும்.

தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதரை நினைத்துக்கொள்கிறேன். சித்த மருத்துவர். 1912-இல் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தைத் தொடங்கி, வித்வான்களைத் தஞ்சைக்கு வரவழைத்து மாநாடுகள் நடத்தினார். ஸ்தாயிக்கு 22 சுருதி என்ற பழைய கணக்கை மறுத்து 24 என்றார். 1916-இல் பரோடா மாநாட்டில் இதை எடுத்துவைத்தபோது கட்டுரை வாசித்ததோடு நிற்கவில்லை. மகள்களையும் அழைத்துப்போய்ப் பாடிக் காட்ட வைத்தார். அவர் முடிவை எல்லோரும் ஏற்றுவிடவில்லை. ஆனாலும் சபையில் இருந்தவர்கள் காதால் சோதித்துப் பார்க்கக்கூடிய வாதம் அது. இசையைப் பற்றிய பேச்சு அப்படித்தான் இருக்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

சென்னை மியூசிக் அகாடமியின் தொடக்கக் கால இதழ்கள் நூலகத்தில் கிடைத்தால் புரட்டிப் பார். ராக லட்சணத்தைப் பற்றி வித்வான்கள் கூடி விவாதித்தவை பதிவாகியிருக்கின்றன.

விரிவுரையில் எல்லாவற்றையும் எழுதாதே. ஒரே ஒரு சஞ்சாரத்தைக் குறித்துக்கொண்டு வந்து, சுருதிப்பெட்டியை வைத்துப் பாடிப் பார். பைரவி ராகத்தில் ஏறும்போது சதுச்ருதி தைவதம், இறங்கும்போது சுத்த தைவதம் என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். சரி, ‘பதநிதப’ என்று நிஷாதத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பினால் முதலில் வரும் தைவதம் எது? ‘விரிபோணி’ வர்ணத்தில் துழாவு, ஆசிரியர் பாடுவதைக் கவனி, பிறகு அந்தக் கேள்வியோடு கலந்துரையாடலுக்குப் போ. கேட்கும்போது சஞ்சாரத்தைப் பாடியே கேள்.

இன்னொன்று. நாகஸ்வரக் குடும்பத்திலிருந்து வந்த மாணவர் ஒருவர் உங்கள் வகுப்பில் வாயே திறப்பதில்லை என்று போகிற போக்கில் எழுதியிருந்தாய். கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த வரிதான். நாவன்மை உள்ளவர்களுக்குக் கலந்துரையாடல் வகுப்பு தாராளமாக இடம் கொடுக்கும். கைவிரலில் வித்தையை வைத்திருப்பவர்கள் ஓரத்தில் ஒதுங்கிவிடுவார்கள். தோடியின் விஸ்தாரத்தை உலகுக்குக் காட்டிய டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் மரபு அது. அடுத்த வகுப்பில் பேச்சு தொடங்கும் முன்பே அந்த மாணவரை வாசித்துக் காட்டச் சொல்லும்படி ஆசிரியரிடம் கேள். மற்றவர்கள் அதிலிருந்து பேசட்டும்.

அன்புடன்,
உன் அக்கா