பேராக் தோட்டப்புறத்து மெழுகு வார்ப்பு உருவங்கள்: தேடுதல், கண்டறிதல், பேணுதல்

மெழுகு வார்ப்பு என்பது, தேன்மெழுகு, குங்கிலியம், எண்ணெய் ஆகியவற்றைக் காய்ச்சிச் சேர்த்த கலவையில் உருவத்தைக் கையால் வடித்து, அதன்மேல் வண்டல் மண் பூசி உலர்த்தி, சூட்டில் மெழுகு உருகி வழிந்தபின் உள்ளே எஞ்சும் வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றும் முறையாகும். உருவை வெளியே எடுக்க மண் கூட்டை உடைத்தாக வேண்டுமாதலால், ஒரு கூட்டிலிருந்து ஓர் உருவமே கிடைக்கும். சுவாமிமலைச் சிற்பியர் இன்றும் கையாளும் இம்முறையில் உருவான சிறு அம்மன், நந்தி, வேல், கைம்மணி போன்றவை மலேசியாவின் பேராக் மாநில ரப்பர் தோட்டங்களில் தொழிலாளர் வாழ்ந்த லயத்து வீட்டுப் பூசை மாடங்களிலும் இடம்பெற்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புப் பகுதிகளாக மாறியும் மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபோது, பல உருவங்கள் பழைய சாமான் கடைகளைச் சென்றடைந்தன.

தேடலைக் கடைகளிலிருந்து தொடங்குவதைவிட மனிதர்களிடமிருந்து தொடங்குவதே நன்று. சுங்கை சிப்புட் போன்ற ஊர்களிலும் ஈப்போவின் புந்தோங்கிலும் வாழும் முன்னாள் தோட்டக் குடும்பத்தார், ஒரு பொருள் எந்தத் தோட்டத்தில், யார் வீட்டில் இருந்தது என்பதைச் சொல்லக்கூடியவர்கள். ஈப்போவின் ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தையில் விலை குறைவாக இருக்கலாம். ஆனால் அங்கு வந்துசேரும் பொருள் பெரும்பாலும் தன் வரலாற்றை வழியிலேயே தொலைத்திருக்கும்.

அடுத்து, உருவம் உண்மையிலேயே மெழுகு வார்ப்புதானா என்று கண்டறிய வேண்டும். இரண்டு பாதியாக அமைந்த மணல் அச்சில் வார்த்த பொருளின் பக்கவாட்டில் மெல்லிய இணைப்புக் கோடு ஓடும். அதை அராவி மறைத்திருந்தாலும் அக்குளிலும் கால்களின் இடையிலும் எச்சம் தெரியும். நாச்சியார்கோயில் குத்துவிளக்குகள் மணலில் வார்த்துக் கடைசல் பிடிக்கப்படுபவையாதலால், அவற்றின் தண்டில் சீரான வட்டக் கோடுகள் காணப்படும். அவை சிறந்த கைவினையே எனினும் இவ்வகையில் சேரா. மெழுகு வார்ப்பில் இணைப்புக் கோடு இராது. நாட்டார் உருவங்களில் மாலையும் காப்பும் மெழுகுத் திரியாக ஒட்டப்பட்டு அப்படியே உலோகமானதால் சற்றே நெளிந்திருக்கும். பீடத்தின் அடியில் உலோகம் ஊற்றிய வாயை வெட்டிய தழும்பும் இருக்கலாம். காந்தம் ஒட்டினால் அது இரும்பின் மேல் பூச்சிட்ட போலியாகும்.

பழமையைக் கணிக்கத் தேய்மானமே நம்பத்தக்க சான்று. வாரந்தோறும் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கப்பட்ட உருவத்தில் மூக்கு, மார்பு, முழங்கால் முதலிய மேடான இடங்கள் மழுங்கியிருக்க, மடிப்புகளில் எண்ணெயும் குங்குமமும் கெட்டித்துக் கிடக்கும். மேடும் பள்ளமும் ஒன்றுபோல் கறுத்திருந்தால் அமிலம் இட்டுப் பழமையூட்டியதோ என ஐயுறலாம். பயிற்சியற்ற தொழிலாளர் உதவி பெற்று மலாயாவுக்கு வருவதை இந்திய அரசு 1938இல் தடை செய்ததால், ஆள்சேர்க்கும் கங்காணி அழைத்து வந்த குடும்பம் முதலில் கொண்டுவந்த பொருள் அதற்கு முற்பட்டதாகலாம். எனினும், 1926 முதல் 1973 வரை ஓடிய ‘ரஜூலா’ கப்பலில் ஊருக்குப் போய்த் திரும்பியவர்களும் உருவங்கள் வாங்கி வந்திருக்கக்கூடுமாதலால், 1938ஆம் ஆண்டை மட்டும் கொண்டு முடிவு செய்தல் தவறு.

வாங்கிய அன்றே தோட்டத்தின் பெயர், பிரிவு, பூசித்த தெய்வம், கொடுத்தவர் கூறிய செய்தி, உயரம், எடை ஆகியவற்றைப் பேரேட்டில் எழுதிப் படமும் எடுத்து வைக்க வேண்டும். இக்குறிப்பில்லாத உருவம், எவ்வளவு அழகானதாயினும், எடைக்கு விலைபோகும் உலோகத்தினின்று அதிகம் வேறுபடாது.

துலக்குவதை அன்றோடு நிறுத்திவிட வேண்டும். புளி இனி வேண்டா. வெளிர்பச்சைத் தூள் மீண்டும் மீண்டும் தோன்றினால் அது குளோரைடு உப்பால் நேரும் அரிப்பு. பேராக்கின் ஈரக்காற்றில் விரைந்து பரவும். அத்தகைய உருவத்தைத் தனியே பிரித்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா குருணையுடன் மூடிய பெட்டியில் வைப்பது முதலுதவி.

சட்டத்தையும் கருதவேண்டும். 1936இல் பீடோர் ஈயச் சுரங்கத்தில் எட்டுக் கைகளுடைய அவலோகிதேசுவரர் வெண்கலச் சிலை கிடைத்த மாநிலம் இது. மண்ணுக்குள்ளிருந்து கிடைக்கும் பண்பாட்டுப் பொருளை 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டப்படி அதிகாரிகளிடம் தெரிவித்தாக வேண்டும். தமிழ்நாட்டில் வாங்க எண்ணுவோர், நூறாண்டுக்கு மேற்பட்ட சிலைகளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்வதை இந்தியாவின் 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது என்பதை நினைவில் கொள்ளவேண்டும். தோட்டக் கோயிலில் இருந்த உருவம் விற்பனைக்கு வந்தால் அதை வாங்காமல், அக்கோயிலின் நிர்வாகக் குழுவினருக்கோ அத்தோட்டத்திலிருந்து பெயர்ந்த மக்களுக்கோ தெரிவிப்பதே முறையாகும்.