கவுண்டரில் கேட்ட கேள்வியிலிருந்து தொடங்குங்கள்

கிளை நூலகத்திலோ ஊர்ப்புற நூலகத்திலோ புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் தம்பி தங்கைகளுக்கு. “நூலகத்துக்கு ஒரு பேஸ்புக் பக்கமும் வாட்ஸ்அப் குழுவும் தொடங்குங்களேன்” என்று வாசகர் வட்டத்தில் யாராவது இதற்குள் சொல்லியிருப்பார்கள். தொடங்குவது ஐந்து நிமிட வேலை. அதில் என்ன போடுவது என்று தெரியாமல்தான் பல நூலகங்கள் காலை வணக்கமும் பண்டிகை வாழ்த்துமாகக் காலம் தள்ளுகின்றன. பணி ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் சில வார்த்தைகள்.

1. கேள்விகளைக் குறித்து வையுங்கள். ஒரு வாரம் கவுண்டரில் ஒரு நோட்டை வைத்து, வாசகர்கள் கேட்பதை அப்படியே எழுதுங்கள். “குரூப் 4-க்குப் புதுப் பாடத்திட்டப்படி புத்தகம் வந்துருச்சா?”, “வெள்ளிக்கிழமை திறந்திருக்குமா?”, “உறுப்பினராக என்னென்ன கொண்டுவரணும்?” ஒருவர் வாய்விட்டுக் கேட்டதைக் கேட்கத் தயங்கிப் பத்துப் பேர் திரும்பிப் போயிருப்பார்கள். அந்தக் கேள்விக்கான விடைதான் உங்கள் முதல் பதிவு. வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் நான்காவது. பதிவு போடும் முன் அதை மட்டும் நினைத்துக்கொண்டால் போதும்.

2. செய்து பழகுங்கள். அமெரிக்காவின் சார்லட் நகரப் பொது நூலகத்தில் ஹெலீன் புளோவர்ஸ் என்பவர் 2006-இல் ஊழியர்களுக்காக 23 சின்னச் சின்ன வேலைகளைப் பட்டியலிட்டார். வலைப்பூ தொடங்கு, படம் ஏற்று, விக்கியில் எழுது என்று ஒவ்வொன்றையும் அவரவர் வசதிப்படி செய்து பார்க்க வேண்டும். முடித்தவர்களுக்குப் பரிசும் உண்டு. பல நாட்டு நூலகங்கள் அந்த முறையைப் பின்பற்றின. அந்தப் பட்டியலிலிருந்த டெலிஷியஸ் போன்ற தளங்கள் இன்று புழக்கத்தில் இல்லை. ஆனாலும் அதில் பழகியவர்கள் அடுத்து வந்த கருவிக்குப் பயப்படவில்லை. நீங்களும் வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். தெரியாததைப் போட்டித் தேர்வுப் பிரிவில் படிக்கும் பிள்ளைகளிடம் கேளுங்கள், கௌரவம் பார்க்காதீர்கள்.

3. வாட்ஸ்அப்பில் எதைத் தொடங்குகிறோம் என்று யோசித்துத் தொடங்குங்கள். நம் ஊரில் அதிகம் பயன்படப்போவது இதுதான், தொல்லை வருவதும் இதில்தான். சாதாரணக் குழுவில் ஒவ்வொருவர் எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரியும். படிக்க வரும் பெண் பிள்ளைகளின் எண்ணை முன்பின் தெரியாதவர் கையில் கொடுப்பதற்குச் சமம் அது. பிராட்காஸ்ட் பட்டியலில் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் ஒரு பட்டியலுக்கு 256 பேர்தான், அதிலும் நூலக எண்ணைத் தங்கள் போனில் பதிந்து வைத்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். 2023-இல் வந்த சேனல் வசதியில் பின்தொடர்கிறவர்களின் எண் ஒருவருக்கொருவர் தெரியாது. அறிவிப்புக்குச் சேனல், வாசகர் வட்டத்துக்குள் பேசிக்கொள்ள மட்டும் சிறு குழு என்று பிரித்துக்கொள்ளுங்கள். யாரையும் கேட்காமல் சேர்க்காதீர்கள்.

4. கணக்கு நூலகத்துடையது. உங்கள் சொந்த எண்ணிலும் சொந்த மின்னஞ்சலிலும் தொடங்கினால், பணிமாறுதல் வந்த அன்றே அந்தப் பக்கம் அநாதையாகிவிடும். நூலகத்துக்கென்று தனி மின்னஞ்சல் வையுங்கள். பொறுப்பு ஒப்படைக்கும்போது சாவி, பதிவேடு, தளவாடங்களோடு கடவுச்சொல்லையும் பட்டியலில் சேருங்கள்.

5. எழுத்தாகப் போடுங்கள். புது நூல்களை அடுக்கிப் படம் எடுப்பது நல்லதுதான். அதன் கீழே நூல் பெயர், ஆசிரியர், பதிப்பகம், பகுப்பு எண் எல்லாவற்றையும் யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். வண்ண போஸ்டருக்குள் எழுத்தை அடைத்துவிட்டால் தேடுகிறவருக்குச் சிக்காது. பார்வையற்ற வாசகரின் திரைவாசிப்பானும் அதைப் படிக்கத் திணறும்.

6. “பிடிஎப் இருக்கா சார்?” இந்தக் கேள்வி தினமும் வரும். நம் நாட்டில் நூலுக்கான காப்புரிமை ஆசிரியரின் வாழ்நாளும், அவர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகளும். நேற்று வந்த நாவலை ஸ்கேன் செய்து குழுவில் போட்டால் எழுத்தாளர் வயிற்றில் அடிக்கிறோம். இல்லை என்று கையை விரிக்கவும் வேண்டாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம், ஈழத்து நூல்களுக்கு ‘நூலகம்’ என்ற தளம் என்று முறையான இடங்கள் இருக்கின்றன, இணைப்பை அனுப்புங்கள். கல்கியின் எழுத்து நாட்டுடைமை என்றாலும், புதுப் பதிப்பில் இன்றைக்கு ஒருவர் எழுதிய முன்னுரை நாட்டுடைமை அல்ல என்பதையும் மறவாதீர்கள்.

7. வாசகர் படிப்பது அவருடைய சொந்த விஷயம். யார் எந்த நூலை எடுத்தார், யார் திருப்பித் தரவில்லை என்பது பதிவேட்டைத் தாண்டக் கூடாது. கதை சொல்லும் நிகழ்ச்சியில் குழந்தைகளைப் படம் எடுத்தால், பெற்றோரிடம் கேட்ட பிறகே போடுங்கள்.

8. விக்கிப்பீடியாவில் கை வையுங்கள். தமிழ் விக்கிப்பீடியா 2003 முதல் இருக்கிறது. உலகெங்கும் நூலகர்கள் 2016-லிருந்து ஒவ்வொரு ஜனவரியிலும் கட்டுரைக்கு ஒரு சான்று சேர்க்கும் இயக்கம் நடத்துகிறார்கள். நம் அலமாரியிலிருக்கும் பள்ளி நூற்றாண்டு மலரும் தலவரலாறும் இணையத்தில் இருக்க வாய்ப்பில்லை. உங்கள் ஊர்க் கட்டுரையைத் திறந்து, ஆதாரமில்லாத ஒரு வரிக்கு நூல் பெயரையும் பக்க எண்ணையும் சேருங்கள். இந்த வேலைக்கு நம்மைவிட வசதியான இடத்தில் இருப்பவர் யார்?

9. சண்டைக்கு நிற்காதீர்கள். குறை சொல்பவருக்கு ஒருமுறை பணிவாக விடை சொல்லுங்கள். அரசியல் பேச்சுக்கு நூலகத்தின் பெயரில் விடை சொல்லாதீர்கள். நாளுக்கு அரைமணி போதும். திரும்பி வந்த நூல்களை அடுக்கிய பிறகு அந்த அரைமணி.

10. விருப்பக் குறிகளை எண்ணாதீர்கள். வழங்கல் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். புதிதாக உறுப்பினராகிறவரிடம் “எப்படித் தெரிந்து வந்தீர்கள்?” என்று கேட்டு, விண்ணப்பத்தின் ஓரத்தில் குறித்து வையுங்கள். மூன்று மாதமாக ஒருவரையும் அலமாரிப் பக்கம் கொண்டுவராத பதிவு எதுவோ, அதை நிறுத்திவிட்டு மறுபடியும் கவுண்டர் நோட்டைப் புரட்டுங்கள்.