மழலையோடு சித்தன்னவாசல்

ஊர்விட்டு ஊர் சென்று புதியன கண்டு மகிழும் விருப்பம் மக்களுக்கு இயல்பாக அமைந்தது. முற்காலத்தில் அவ்விருப்பத்தைப் பெரும்பாலும் திருவிழாக்களே நிறைவேற்றின. புதுக்கோட்டைச் சீமையில் பங்குனித் திங்களில் நார்த்தாமலை மாரியம்மனுக்குத் தேர் ஓடும் என்றால், சுற்றுப்புறத்துச் சிற்றூர்கள் எல்லாம் அன்று அங்கே கூடும். ராட்டினமும், பொம்மைக் கடையும், மிட்டாய்க் கடையும் சிறுவர் மனத்தைக் கவரும். அக்கூட்டத்திடையே, இடுப்பில் கைக்குழந்தையும் கையில் கட்டுச்சோறுமாக நடந்து செல்லும் தாயர் பலரைக் காணலாம். அவர்கள் திருவிழாவுக்குச் சென்றனர் என்பது உண்மை. திருவிழாவைக் கண்டனரா என்பது வேறு வினா.

பிற்காலத்தில் பொழுதுபோக்குக்கென்றே பூங்காக்கள் எழுந்தன. டென்மார்க்கு நாட்டின் தலைநகராகிய கோபன்கேகனில் 1843-ஆம் ஆண்டில் திவோலி என்னும் பூங்கா திறக்கப்பெற்றது. அமெரிக்க நாட்டில் கலிபோர்னியா மாநிலத்தில் 1955-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 17-ஆம் நாள் டிஸ்னிலாந்து என்னும் பெரும்பூங்கா தொடங்கப்பெற்றது. அது வெறும் ராட்டினத் தொகுதி அன்று. ஒரு கதையையோ, ஒரு காலத்தையோ, ஒரு நிலத்தையோ கருவாகக் கொண்டு, அதற்கேற்ப மரமும் மாளிகையும் நீரும் வழியும் அமைப்பது அதன் முறை. ஐந்திணைக்கும் தனித்தனியே கருப்பொருள் வகுத்த தமிழ் மாணவர்க்கு இம்முறை எளிதில் விளங்கும். அப்பூங்காவில் ஒரு நல்ல ஒழுங்கும் உண்டு. தாய் விளையாட்டில் ஏறும்போது தந்தை குழந்தையைக் காப்பார். தாய் மீண்டதும் குழந்தையை அவளிடம் தந்து, மறுமுறையும் நீண்ட வரிசையில் நில்லாமலே தந்தை ஏறலாம். குழந்தையைக் காக்கும் கை ஒருவர்க்கே உரியது அன்று என்னும் கருத்தை அவ்வொழுங்கு உணர்த்துகின்றது.

இனி நம் நாட்டுப் பக்கம் வருவோம். புதுக்கோட்டை நகரிலிருந்து அன்னவாசல் செல்லும் வழியில் ஏறத்தாழ 16 கி.மீ. தொலைவில் சித்தன்னவாசல் உள்ளது. ஆறு பாயாது மழையையும் குளங்களையும் நம்பி வாழும் அவ்வறண்ட நிலத்திடையே, ஒரு நெடும்பாறைக் குன்று கிடக்கின்றது. குன்றின் ஒருபால் அறிவர் கோயில் என்னும் சமணக் குடைவரை. மற்றொருபால் ஏழடிப்பட்டம் என்னும் இயற்கைக் குகை. குன்றின் அண்மையில் சிறுவர் பூங்காவும் படகுக் குளமும் இக்காலத்தில் அமைந்துள்ளன. ஆகவே பழமை காண வருவோரும், பொழுது போக்க வருவோரும், பள்ளி மாணவரும் ஒருங்கே கூடும் இடமாக அது விளங்குகின்றது.

புதுக்கோட்டையில் வாழ்ந்த ஒரு குடும்பத்தார், பங்குனித் திங்கள் ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அங்கே செல்லக் கருதினர். தந்தை, தாய், தந்தையைப் பெற்ற பாட்டி, ஒன்பதாம் வகுப்பில் பயிலும் மகள், ஒன்பது திங்கள் நிரம்பிய ஆண்குழந்தை ஆகிய ஐவரே அக்குடும்பத்தினர். தந்தை தம் பள்ளிப் பருவத்தில் ஆசிரியருடன் சென்று அக்குன்றைக் கண்டவர். தாயோ அம்மாவட்டத்திலேயே பிறந்து வளர்ந்தும், பாடநூலில் அன்றி அவ்வோவியத்தை ஒருநாளும் கண்டதில்லை.

"மகனே, விடியற்காலையிலேயே புறப்படுவோம். வெயில் ஏறுமுன் பார்த்துத் திரும்பிவிடலாம்" என்றார் பாட்டி.

"ஞாயிற்றுக்கிழமையிலுமா விடியலில் எழுவது, அம்மா? பத்து மணிக்குப் போனால் போதும், மாலை வரை எல்லாவற்றையும் பார்ப்போம்" என்றார் தந்தை.

அவ்வாறே அவர்கள் சென்று சேரும்போது கதிரவன் உச்சியை நெருங்கிக்கொண்டிருந்தான். சிறுவர் பூங்காவில் ஒரு நாழிகை கழிந்தது. மகள் ஊஞ்சலில் ஆடினாள். தந்தை படம் எடுத்தார். குழந்தை தாயின் தோளில் இருந்தது. வெயில் படாதிருக்கத் தடித்த துண்டு ஒன்றால் அதனைத் தலைமுதல் மூடியிருந்தனர். முதலில் கை கால்களை உதைத்து விளையாடிய குழந்தை, பின்னர்ச் சிணுங்கியது. அதன்பின் சிணுங்கலும் நின்று தோளில் சாய்ந்தது.

"பிள்ளை உறங்கிவிட்டான், இதுதான் நல்ல நேரம், குன்றின்மேல் ஏறுவோம்" என்றார் தந்தை.

பாட்டி அருகே சென்று துண்டை விலக்கிப் பார்த்தார். குழந்தையின் முகம் சிவந்திருந்தது; உதடு உலர்ந்திருந்தது. இடுப்புத் துணியைத் தொட்டார், ஈரம் இல்லை.

"இது உறக்கம் அன்று, சோர்வு. காலையில் மாற்றிய துணி இன்னும் நனையவே இல்லை. இனி ஓர் அடியும் வெயிலில் எடுத்துவைக்கக் கூடாது" என்றார் பாட்டி. அவர் குரலில் இருந்த உறுதியைக் கேட்டுத் தந்தை வாய் திறக்கவில்லை.

அடர்ந்த வேப்பமரம் ஒன்றன் நிழலில் அனைவரும் அமர்ந்தனர். தடித்த துணியைக் களைந்து மெல்லிய பருத்திச் சட்டையை மட்டும் அணிவித்தனர். தாய் பாலூட்டினாள். காய்ச்சி ஆற்றிய நீரைச் சிறிது சிறிதாகப் பாட்டி புகட்டினார். மகள் நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் தம்பியின் கழுத்தையும் கைகால்களையும் ஒற்றி, ஓலை விசிறியால் வீசினாள். படகில் ஏற அழைத்த தோழியரிடம், "என் தம்பி சிரிக்கட்டும், பிறகு வருகின்றேன்" என்று விடை சொன்னாள். ஒரு மணி நேரம் கழிந்தது. பாட்டியின் மடி நனைந்தது. அந்த ஈரத்தைக் கண்டு ஐந்து பேரில் நால்வர் மகிழ்ந்தனர். ஐந்தாமவனோ அதனைப் பற்றி ஏதும் அறியாதவனாய்ப் பாட்டியின் மூக்குத்தியைப் பற்றி இழுத்தான்.

பாட்டி கண்டறிந்ததற்கு மருத்துவ நூலும் சான்று பகர்கின்றது. பெரியோர் உடலைக் காட்டிலும் குழந்தையின் உடல் விரைவில் சூடேறும். அதன் உடல் எடையோடு ஒப்பிட, வெப்பத்தை ஏற்கும் தோற்பரப்பு மிகுதி. தடித்த துணியால் மூடுவது நிழல் தருவதுபோல் தோன்றினும், காற்றைத் தடுத்து உள்ளே வெப்பத்தைச் சேர்க்கும். பூட்டிய காரினுள் குழந்தையை இருத்திச் செல்வது உயிருக்கே இடர் விளைக்கும். ஆறு திங்கள் நிரம்பாத குழந்தைக்குத் தாய்ப்பாலே உணவும் நீரும் ஆகும். வெயிற்காலத்தில் அதனை அடிக்கடி ஊட்டுதல் வேண்டும். ஆறு திங்கள் கடந்த குழந்தைக்குத் தாய்ப்பாலுடன் தூய நீரும் தரலாம். சிறுநீர் குறைதலும், வாய் உலர்தலும், விளையாட்டில் மனம் செல்லாமையும் உடலில் நீர் வற்றுவதன் அடையாளங்கள். கண் குழிந்து, உச்சிக்குழி தாழ்ந்து, பால் குடிக்கவும் இயலாது குழந்தை துவளுமாயின், வீட்டு முறைகளில் காலம் போக்காது மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். தாகம் என்று சொல்ல அறியாத உயிருக்கு, உடன் இருப்போர் கண்ணே வாயாக அமைகின்றது.

குழந்தையின் ஒவ்வொரு பருவத்தையும் கூர்ந்து நோக்கிய இனம் தமிழினம். பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகையே அதற்குச் சான்றாகும். மூன்றாம் திங்களில் காப்பு முதலாக இருபத்தொன்றாம் திங்கள் வரை, பத்துப் பருவங்களை அது வகுத்துப் பேசுகின்றது. ஐந்தாம் திங்களில் தலை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை. ஒன்பதாம் திங்களில் கைகொட்டி மகிழ்வது சப்பாணி. பதின்மூன்றாம் திங்களில் தளர்நடை இட்டு வருவது வருகை. எந்தத் திங்களில் குழந்தைக்கு எது இயலும், எது இன்பம் தரும் என்று அறிந்து போற்றுவதே அப்பாகுபாட்டின் உயிர். செங்கீரைப் பருவத்துக் குழந்தையைச் சிறுதேர்ப் பருவத்து விளையாட்டில் இருத்துதல் பொருந்துமோ? ராட்டினத்தின் விரைவும், ஒலிபெருக்கியின் முழக்கமும் பெரியோர்க்கு இன்பம் ஆகலாம். கைக்குழந்தைக்கு அவை அச்சமே. அதற்கு ஓர் இலை அசைவதும், ஒரு காகம் தத்துவதும் போதிய காட்சிகள்.

வெயில் தாழ்ந்தபின் அறிவர் கோயிலுக்குச் சென்றனர். பாறையைக் குடைந்த சிறு மண்டபம் அது. ஒன்பதாம் நூற்றாண்டில் பாண்டிய மன்னன் சீவல்லபன் காலத்தில், இளங்கௌதமன் என்னும் மதுரைச் சமண ஆசிரியர் அக்கோயிலைப் புதுக்கிய செய்தியை அங்குள்ள கல்வெட்டு அறிவிக்கின்றது. மண்டபத்து மேற்கூரையில் சுண்ணச் சாந்தின்மீது தீட்டிய தாமரைப் பொய்கை இன்றும் காணப்படுகின்றது. மலர்ந்தனவும் கூம்பினவும் ஆகிய தாமரைகள், இடையிடையே மீன்கள், நீர்ப்பறவைகள், யானைகள், எருமைகள், மலர் கொய்யும் ஆடவர் எனப் பொய்கை முழுதும் உயிர் ததும்புகின்றது. தூண்களில் ஆடல் மகளிர் உருவங்கள் மங்கிய நிலையில் தோன்றுகின்றன. காலத்தாலும் மக்கள் கைபட்டும் அழிந்தவை போக எஞ்சியவையே இவை. ஆதலின் அவற்றைத் தொடாது காண்பது காண்போர் கடமை.

கூரை ஓவியத்தைக் காண்பதில் பெரியோர்க்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. கழுத்தைப் பின்னே சாய்த்து நெடுநேரம் நிற்றல் வேண்டும். தந்தை சற்றே நோக்கிப் பின் கழுத்தைத் தடவிக்கொண்டார். தாயோ, பாடநூலில் சிறுபடமாகக் கண்ட பொய்கை தன் தலைமேல் விரிந்து கிடப்பதைக் கண்டு இமையாது நின்றாள். குழந்தை மகளின் கைகளில் மல்லாந்து கிடந்தது. அதற்குக் கழுத்தைச் சாய்க்க வேண்டிய தேவை இல்லை. கண்ணைத் திறந்தால் பொய்கை. பச்சையும் சிவப்புமாகிய அவ்வண்ணங்களை அது வாய் திறந்து நோக்கியது; பின்னர் இரு கைகளையும் சேர்த்துக் கொட்டியது. உட்கருவறையில் மெல்லிய ஒலி எழுப்பினும் அது முழங்கி நிற்கும் என்பதைத் தந்தை ஓங்காரம் இட்டுக் காட்டினார். அம்முழக்கம் கேட்டுக் குழந்தை திகைத்தது. தமக்கையின் சட்டையை இறுகப் பற்றியது. சிறிது பொறுத்துத் தானும் ஓர் ஒலி எழுப்பியது. பாறை அதனையும் முழங்கித் திருப்பித் தந்தது.

அடுத்து எஞ்சியது ஏழடிப்பட்டம். குன்றின்மேல் ஏறி, பின்னர்ப் பாறை ஓரமாகச் செல்லும் ஒடுங்கிய வழியில் கம்பியைப் பற்றி நடந்து அதனை அடைதல் வேண்டும். அங்கே சமணத் துறவியர் தங்கிய பதினேழு கற்படுக்கைகள் வழவழப்பாகச் செதுக்கப்பட்டுள்ளன. ஒரு படுக்கையில் பழந்தமிழ் எழுத்துக் கல்வெட்டும் உண்டு. கைக்குழந்தையை ஏந்திச் செல்லத்தக்க வழி அன்று அது.

தாய் குன்றினை ஒருமுறை நோக்கினாள். "நீங்களும் மகளும் போய் வாருங்கள், நான் பிள்ளையுடன் இருக்கின்றேன்" என்றாள்.

"நான் பள்ளிநாளிலேயே பார்த்துவிட்டேன். பிள்ளையை என்னிடம் கொடு, நீங்கள் இருவரும் வெளிச்சம் இருக்கும்போதே போய் வாருங்கள்" என்று தந்தை கை நீட்டினார்.

தாயும் மகளும் ஏறினர். குளிர்ந்த கற்படுக்கைகளையும், கீழே விரிந்த வயல்களையும் வறண்ட குளங்களையும் கண்டு, மாலைக் காற்றில் முகம் மலர்ந்து இறங்கினர். அவர்கள் திரும்பும்போது, தந்தை குழந்தையின் துணியைத் தாமே மாற்றிக்கொண்டிருந்தார். முடிச்சுச் சரியாக விழவில்லை. பாட்டி பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்பாயி, உங்கள் காலத்தில் இவ்விடங்களுக்கு எல்லாம் வந்திருக்கின்றீர்களா?" என்று மகள் வினவினாள்.

"நார்த்தாமலைத் தேருக்கு ஆண்டுதோறும் போவேன், தாயே. ஆனால் எப்போதும் ஒரு பிள்ளை என் இடுப்பில் இருக்கும். ஒரு பிள்ளை ராட்டினத்தில் இருக்கும். நான் கீழே நின்று கையசைப்பேன். அதுவே எனக்குத் திருவிழா" என்றார் பாட்டி.

இதனைக் கேட்ட தந்தை சிறிது நேரம் பேசவில்லை. ராட்டினத்தில் இருந்த பிள்ளை அவரே அல்லவா? எழுந்து சென்று படகுக்கு இரண்டு சீட்டுகள் வாங்கி வந்தார். ஒன்றை மகளிடமும் மற்றொன்றைத் தம் தாயிடமும் தந்தார்.

"எனக்கு எதற்கு, மகனே?" என்று பாட்டி மறுத்தார்.

"இன்று நாங்கள் கீழே நிற்கின்றோம், அம்மா" என்றார் தந்தை.

மிதவைச் சட்டை அணிந்து பேத்தியின் கையைப் பற்றிக்கொண்டு பாட்டி படகில் அமர்ந்தார். கரையில் தாய் நின்றாள். அவள் அருகே தந்தை, தோளில் குழந்தையுடன் நின்றார். படகு குளத்தின் நடுவை அடைந்ததும், பாட்டி திரும்பிப் பார்த்துக் கையசைத்தார். சப்பாணிப் பருவத்துக் குழந்தைக்குக் கையசைக்கத் தெரியவில்லை. தனக்குத் தெரிந்தவாறு கைகொட்டியது.

இன்பச் செலவு என்பது எத்தனை காட்சிகளைக் கண்டோம் என்னும் கணக்கில் அடங்குவது அன்று. பேச அறியாதவர் துன்பத்தைக் குறிப்பால் உணர்வதும், பேசாது பொறுத்தவர் விருப்பத்தைக் கேட்டு அறிவதும், காக்கும் சுமையை முறைமாற்றி ஏற்பதுமே உடன் செல்வோர் அனைவரையும் மகிழ்விக்கும். அப்பண்பு உள்ள குடும்பத்திற்குச் சிற்றூரின் ஒரு மரநிழலும் பெரும்பூங்காவே ஆகும்.