நின்ற காரும் கொதித்த பெட்ரோலும்

மாணவர்களே! ஓடிக்கொண்டிருக்கும் கார் நடுவழியில் திடீரென்று நின்றுவிட்டால் எதை முதலில் சோதிப்பீர்கள்?

1998ஆம் ஆண்டு, சித்ரா பௌர்ணமி நாள். உச்சி வெயில். கிரிவலத்திற்கு வந்த கூட்டத்தினூடே, வேலூர் சாலையில் வேங்கிக்கால் அருகே என் மாமாவின் பழைய கார் ஊர்ந்துகொண்டிருந்தது. எஞ்சின் இரண்டு முறை இருமி நின்றுவிட்டது. பின்னால் வந்த பேருந்து ஒரு முழ தூரத்தில் வந்து நின்றது! காரை ஓரமாகத் தள்ளினோம்.

“போன வாரமும் இப்படித்தான். ஆறியதும் ஓடியது. புது இக்னிஷன் காயில் போட்டேன், பணம்தான் போனது” என்றார் மாமா.

பெட்ரோல் எஞ்சினுக்கு மூன்று தேவை: காற்றும் பெட்ரோலும் சரியாகக் கலந்த கலவை, அதை அழுத்தும் பிஸ்டன், உரிய நேரத்தில் தீப்பொறி. ஆறியதும் ஓடுகிறது என்றால் பிஸ்டன் அழுத்தத்தில் பெரும்பாலும் பழுதில்லை. எஞ்சியவை பெட்ரோலும் தீப்பொறியும். சூட்டில் கெட்டு, ஆறியதும் சரியாகும் இயல்பு காயிலுக்கும் உண்டு. மாமாவின் ஐயம் தவறன்று. சோதிக்காமல் மாற்றியதே தவறு.

வந்த மெக்கானிக் எஞ்சின் ஆறும் முன்பே சோதித்தார். நீலத் தீப்பொறி நன்றாக விழுந்தது. எனவே காயில் குற்றவாளியன்று. கார்புரேட்டருக்கு வரும் குழாயிலோ பெட்ரோல் வரவில்லை. தொட்டியில் நிறைய இருந்தது! எஞ்சினோடு பொருத்தப்பட்ட பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றினார். பத்து நிமிடத்தில் கார் கிளம்பியது. (மின்னதிர்ச்சியும் தீயும் நேரலாம், நீங்கள் இச்சோதனையில் இறங்காதீர்கள்.)

காரணம் என்ன? பெட்ரோல் பல நீர்மங்களின் கலவை. அதன் இலேசான பகுதிகள் சுமார் 35 டிகிரி செல்சியசிலேயே கொதிக்கத் தொடங்கும். பம்பு உறிஞ்சும்போது குழாயில் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். ஊர்ந்து செல்லும் காரில் குளிர்விக்கும் காற்றும் குறைவு. பெட்ரோல் ஆவியாகிவிட்டது. பம்பு ஆவியைச் சுருக்கி விரித்ததே தவிர, பெட்ரோலைத் தள்ளவில்லை. இதற்கு ‘ஆவி அடைப்பு’ என்று பெயர்.

இன்றைய கார்களில் பம்பு தொட்டிக்குள்ளேயே இருந்து மிகுந்த அழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ளுகிறது. கொதிநிலை உயர்வதால் இந்த அடைப்பு அரிது. ஆனால் எஞ்சினின் சுழற்சியை உணரும் சென்சார் சூட்டில் செயலிழந்தால் இவையும் நிற்கும். அப்போதும் கேள்வி அதேதான்: பெட்ரோலா, தீப்பொறியா, அல்லது இரண்டுமா?

ஒன்றை மறவாதீர்கள். எஞ்சின் நின்றால் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கனக்கும். ஓட்டுபவர் பதறாமல், சாவியை எடுத்துவிடாமல், பிரேக்கை அழுத்தமாக மிதித்து ஓரம்கட்ட வேண்டும்.

வீட்டில் செய்து பாருங்கள்: ஊசியில்லாத சிரிஞ்சில் பாதியளவு வெந்நீர் எடுத்து, முனையை விரலால் அடைத்து, தண்டை வெளியே இழுங்கள். அடுப்பின்றி நீரில் குமிழிகள் எழும். ஏன் என்று இப்போது நீங்களே சொல்லலாமே!