ஏரிக்கரையில் விடுமுறையின் கடைசி நாள்



எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய சகோதரர்களே, சகோதரிகளே! அல்லாஹ்வை அஞ்சி நடக்கும்படி முதலில் எனக்கும், பிறகு உங்களுக்கும் வஸிய்யத் செய்கிறேன்.

மே மாதம் முடியப் போகிறது. ஜூன் பிறந்தால் பள்ளிக்கூடம். தளவானூர், செஞ்சி பக்கத்து வெயிலுக்குத் தப்பிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு திருவண்ணாமலை, செங்கம் வழியாகச் சேலம் போய், ஏற்காடு மலையேறி, ஏரிக்கரையில் இரண்டு மூன்று நாள் தங்கி வருகிற குடும்பங்கள் உண்டு. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் நன்னா வீட்டுக்கோ மாமா வீட்டுக்கோ போய், அந்த ஊர் ஏரியிலும் கிணற்றிலும் பிள்ளைகளைக் குளிக்க விடுகிறார்கள். இரண்டுமே ஆகுமான சந்தோஷம்தான். குடும்பத்தாரை மகிழ்விப்பதற்கும் நன்மை உண்டு என்பதே நம் மார்க்கம்.

இன்று நாம் பேசப்போவது அந்த விடுமுறையின் கடைசி நாளைப் பற்றி.

அமல்கள் முடிவைக் கொண்டே

அமல்கள் அவற்றின் முடிவைக் கொண்டே கணிக்கப்படும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னது புகாரியில் பதிவாகியுள்ளது. இதை நாம் ஸக்ராத் நேரத்துக்கு மட்டும் உரியதாக நினைக்கிறோம். ஆனால் ஒரு தொழுகைக்கும் முடிவு உண்டு, ஒரு வியாபாரத்துக்கும் முடிவு உண்டு, ஒரு பயணத்துக்கும் முடிவு உண்டு.

முதல் நாள் எல்லோரும் கவனமாக இருக்கிறோம். பிள்ளையின் கையைப் பிடித்திருக்கிறோம், தொழுகை நேரத்தை விசாரிக்கிறோம், குப்பையைப் பையில் போடுகிறோம். கடைசி நாள் வந்ததும் பிடி தளர்கிறது. பெட்டி கட்டும் அவசரம், வண்டிக்கு நேரமாகிறது என்ற பதற்றம், "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று பிள்ளைகளின் கெஞ்சல். அமானிதம் நழுவுவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான்.

முதல் அமானிதம்: பிள்ளைகளின் உயிர்

2023 மே 7ஆம் தேதி, கோடை விடுமுறையில், கேரளாவின் மலப்புறம் மாவட்டம் தானூரில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்தது. பொழுது சாய்ந்த பிறகு, அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிக்கொண்டு போன படகு அது. 22 பேர் மவுத்தானார்கள். அவர்களில் பலர் குழந்தைகள். ஒரே குடும்பத்திலிருந்து பல ஜனாஸாக்கள் எழுந்தன. அதற்கு முன்பு, 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்குகளைப் பார்க்கிற ஆவலில் பயணிகள் ஒரே பக்கமாகத் திரண்டபோது அந்தப் படகு சாய்ந்தது. இறந்தவர்களில் நம் தமிழ்நாட்டுக்காரர்களும் உண்டு.

நீரில் மூழ்கி இறந்தவருக்கு ஷஹீதுடைய அந்தஸ்து உண்டு என்று ஹதீஸ் இருக்கிறது. அது துயரப்பட்டவர்களுக்கு அல்லாஹ் தந்த ஆறுதல். கவனக்குறைவுக்கு அனுமதிச் சீட்டு அல்ல. உங்களை நீங்களே அழிவில் தள்ளிக்கொள்ளாதீர்கள் என்பது அல்பகரா அத்தியாயத்தில் அல்லாஹ் இட்ட கட்டளை. ஒவ்வொருவரும் பொறுப்பாளர், தம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்பது நபிமொழி. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும்.

ஆகவே சில விஷயங்களை மனதில் வையுங்கள். உயிர்காப்புச் சட்டை தராத படகில் ஏறாதீர்கள். தந்தால் பிள்ளைக்கும் போடுங்கள், நீங்களும் போடுங்கள். கூட்டமாக இருந்தால் "பரவாயில்லை, கடைசி நாள்தானே" என்று ஏறாமல் இறங்கி விடுங்கள். படகில் இருக்கும்போது போட்டோ எடுக்க எல்லோரும் ஒரு பக்கம் சாயாதீர்கள்.

ஊர் ஏரியில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். வண்டல் மண் அள்ளிய இடத்தில் பள்ளம் இருக்கும். மேலே தண்ணீர் சமமாகத் தெரியும். கல் குவாரிக் குட்டையில் கரையை விட்டு ஓரடி நகர்ந்தாலே ஆழம். மூழ்குகிற பிள்ளை பெரும்பாலும் கூச்சல் போடுவதில்லை, சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். அதனால் பெரியவர் ஒருவர் கைபேசியைப் பையில் வைத்துவிட்டுக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். யாராவது தத்தளித்தால், நீச்சல் தெரியாதவர் குதிக்கக் கூடாது. ஒருவரைக் காப்பாற்றப் போய் அடுத்தடுத்து இறந்த குடும்பங்கள் உண்டு. கயிறு, வேட்டி, புடவை, மூடிய காலி கேன், எது கிடைக்கிறதோ அதை வீசுங்கள். சத்தம் போட்டு ஆள் கூப்பிடுங்கள், 108க்குச் சொல்லுங்கள்.

இரண்டாவது அமானிதம்: அந்தத் தண்ணீர்

தேங்கி நிற்கும் தண்ணீரில் சிறுநீர் கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். மக்கள் தண்ணீர் எடுக்கும் இடத்திலும், நடக்கும் பாதையிலும், நிழலிலும் அசுத்தம் செய்வதைச் சாபத்துக்குரிய செயல் என்று எச்சரித்தார்கள். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளை என்றார்கள்.

இந்த மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஏரிக்கரையில் மரநிழலில் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, தட்டையும் குவளையையும் அங்கேயே விட்டு வண்டி ஏறினால், தண்ணீர், பாதை, நிழல் மூன்றுக்கும் அநியாயம் செய்தவர்களாவோம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களைத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்திருக்கிறது. அரசாங்கச் சட்டத்துக்கு முன்பே நம்மிடம் மார்க்கச் சட்டம் இருந்தது. புறப்படும் முன் பத்து நிமிடம் ஒதுக்கி, உட்கார்ந்த இடத்தைப் பிள்ளைகளை வைத்தே சுத்தம் செய்யச் சொல்லுங்கள். தர்பியத் என்பது அதுதான்.

மூன்றாவது: மனிதர்களின் ஹக்

படகுக்காரர், அறையைக் கூட்டிய அம்மா, சமையல்காரர், வண்டி ஓட்டிய தம்பி ஆகியோரின் கூலியில் பாக்கி வைத்துவிட்டுப் புறப்படாதீர்கள். பேரம் பேசிய தொகையில் கடைசி நேரத்தில் குறைப்பது ஹலால் அல்ல. உழைப்பாளியின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் இது. பயணத்தில் மனைவியிடமோ பிள்ளைகளிடமோ கோபப்பட்டிருந்தால், வண்டி கிளம்பும் முன் சமாதானம் ஆகிவிடுங்கள். அந்தக் கசப்பை வீட்டுக்குச் சுமந்து வராதீர்கள்.

நான்காவது: திரும்பும் வழியில் தொழுகை

செஞ்சியிலிருந்து ஏற்காடு ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளின் கணக்கிலும் பயணத் தூரம்தான். எனவே வழியில் ளுஹர், அஸர், இஷா இரண்டிரண்டு ரக்அத்துகள். ஃபஜ்ரும் மஃரிபும் குறையாது. ஷாஃபிஈ மத்ஹபில் ளுஹருடன் அஸரையும், மஃரிபுடன் இஷாவையும் சேர்த்துத் தொழ அனுமதி உண்டு. ஹனஃபிகள் ஒவ்வொன்றையும் அதனதன் வக்தில் தொழ வேண்டும். சொந்த ஊர் எல்லைக்குள் நுழைந்துவிட்டால் கஸ்ர் முடிந்தது. அதன் பிறகு தொழும் அஸர் நான்கு ரக்அத்துகள்தான். அல்லாஹ் சலுகை கொடுத்த பிறகும் "வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று களா ஆக்குவது எவ்வளவு பெரிய நஷ்டம்!

நபி (ஸல்) அவர்கள் பயணத்திலிருந்து திரும்பினால் முதலில் பள்ளிவாசலுக்குப் போய் இரண்டு ரக்அத் தொழுவார்கள். திரும்பி வரும்போது அவர்கள் ஓதிய துஆவில் தவ்பாவும், வணக்கமும், இறைவனைப் புகழ்வதும் இருக்கின்றன. அந்த துஆவைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். ஊர் எல்லை வந்ததும் எல்லோரும் சேர்ந்து ஓதுங்கள்.

எல்லோருக்கும் ஒரு கடைசி நாள்

அன்புக்குரியவர்களே! செஞ்சிக் கோட்டையை நாம் தினமும் பார்க்கிறோம். 1677இல் சிவாஜியின் கைக்கு வந்தது, 1698இல் முகலாயர்களிடம் போனது, 1750இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள், 1761இல் ஆங்கிலேயர்கள் பிடித்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் தங்கப்போவதாகத்தான் நினைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கடைசி நாள் வந்தது. கற்கள் மட்டும் நிற்கின்றன.

நாமும் இந்த துன்யாவில் அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள். ஒருநாள் சாவியைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். ஏரிக்கரையை விட்டுப் புறப்படும் அந்த ஒரு நாளைச் சரியாக முடிக்கப் பழகிய குடும்பம், பெரிய புறப்பாட்டுக்கும் பழகிக்கொண்டிருக்கிறது. யாருக்கும் பாக்கி இல்லாமல், யார் மனதையும் நோகடிக்காமல், இருந்த இடத்தை அசுத்தமாக்காமல், தொழுகையைத் தவறவிடாமல், ஒப்படைக்கப்பட்ட பிள்ளைகளைப் பத்திரமாகச் சேர்த்துவிட்டுப் புறப்படுவது இரண்டு பயணங்களுக்கும் பொதுவானது.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளை நீரின் ஆபத்திலிருந்தும் சாலையின் ஆபத்திலிருந்தும் பாதுகாப்பாயாக. தானூரிலும் தேக்கடியிலும் பிள்ளைகளை இழந்த பெற்றோருக்கு அழகிய பொறுமையைத் தருவாயாக. எங்கள் ஊர் ஏரிகளை மழையால் நிரப்பி, அவற்றைப் பேணுகிறவர்களாக எங்களை ஆக்குவாயாக. எங்கள் அமல்களில் சிறந்ததை இறுதியானதாகவும், எங்கள் நாட்களில் சிறந்ததை உன்னைச் சந்திக்கும் நாளாகவும் ஆக்குவாயாக. ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.