பிள்ளையை எழுதிக் கொடுக்க முடியுமா?

 

தலாக், குலா விஷயமாக ஜமாஅத் அலுவலகங்களில் எழுதப்படும் ஒப்பந்தத் தாள்களை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். மஹர் இவ்வளவு, நகை இத்தனை பவுன், கட்டில், பீரோ ஒப்படைக்கப்பட்டது என்று வரிசையாக வரும். கடைசியில் ஒரு வரி இருக்கும்: இனிமேல் குழந்தைக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, உரிமையும் கோர மாட்டேன், செலவும் தர மாட்டேன். கீழே தகப்பனாரின் கையெழுத்து, இரண்டு சாட்சிகள், ஜமாஅத் முத்திரை. சில தாள்களில் அந்த வரியைத் தாய் எழுதிக் கொடுத்திருப்பார். பீரோவுக்கு அடுத்த வரியில் பிள்ளை!

அந்த ஒரு வரி மார்க்கத்தில் செல்லுமா என்பதுதான் இன்றைய பேச்சு.

ஒருவர் தனக்குச் சொந்தமானதைத்தான் விட்டுக் கொடுக்க முடியும். மனைவி தன் மஹரை விட்டுக் கொடுக்கலாம், அது அவருடைய பணம். பிள்ளையின் நஸப், அதாவது இன்னாருடைய மகன் என்ற வம்சத் தொடர்பு, யாருடைய சொத்தும் அல்ல. அதை விற்கவோ, அன்பளிப்பாகக் கொடுக்கவோ, கையெழுத்துப் போட்டு அறுக்கவோ முடியாது. வாரிசுரிமையும் அப்படித்தான். சம்பந்தமில்லை என்று எழுதியவர் மவுத்தானால் அந்தப் பிள்ளை அவருடைய சொத்தில் பங்கு பெறும்.

செலவுக்கு வருவோம். அல்பகரா 233-ஆம் வசனத்தில், பாலூட்டும் தாய்க்கு உணவும் உடையும் கொடுப்பது தந்தையின் கடமை என்று அல்லாஹ் சொல்கிறான். அங்கே 'தந்தை' என்ற நேரடியான சொல்லை அல்லாஹ் பயன்படுத்தவில்லை. 'மவ்லூது லஹு', அதாவது யாருக்காகப் பிள்ளை பிறந்ததோ அவர் என்கிறான். பிள்ளை உன் பெயரில் பிறந்திருக்கிறது, செலவும் உன் பெயரில்தான் என்று அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. பிள்ளையை வைத்துத் தாயும் துன்புறுத்தப்படக் கூடாது, தந்தையும் துன்புறுத்தப்படக் கூடாது என்பதும் அதே வசனத்தில் இருக்கிறது. அபூஸுஃப்யான் (ரழி) போதிய செலவு தருவதில்லை என்று ஹிந்த் (ரழி) முறையிட்டபோது, உனக்கும் உன் பிள்ளைக்கும் போதுமானதை நியாயமான அளவில் எடுத்துக் கொள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அனுமதி கொடுத்தார்கள் (புகாரி). பிள்ளையின் பங்கு அங்கே தனியாகவே சொல்லப்பட்டிருக்கிறது. அதைத் தள்ளுபடி செய்ய யாருக்கும் அதிகாரம் இல்லை. குலா வேண்டும் என்ற அவசரத்தில் ஒரு தாய் செலவை நானே பார்த்துக் கொள்கிறேன் என்று ஒப்புக் கொள்ளலாம். நாளை அவர் கையில் காசு இல்லை என்றால் பிள்ளையைப் பட்டினி போட முடியுமா? தகப்பனிடம்தான் கேட்கப்படும்.

நாட்டுச் சட்டமும் இதில் ஒத்துப் போகிறது. முஸ்லிம் தந்தை தன் சிறு பிள்ளைகளுக்கு ஜீவனாம்சம் தர வேண்டும், தாய்க்கு தலாக் ஆனது இதைப் பாதிக்காது என்று 1997-இல் நூர் சபா காத்தூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்று 125-ஆம் பிரிவாக இருந்தது, இன்று புதிய சட்டத்தில் 144-ஆம் பிரிவு.

அப்படியானால் விட்டுக் கொடுக்கக் கூடியது எதுவுமே இல்லையா? ஒன்று இருக்கிறது: ஹளானா, பிள்ளையைக் கூடவே வைத்து வளர்க்கும் உரிமை. பிள்ளையைத் தன்னிடமிருந்து பறிக்கப் பார்க்கிறார்கள் என்று ஒரு பெண் வந்து முறையிட்டபோது, நீ மறுமணம் செய்யாத வரை உனக்கே அதிக உரிமை என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள் (அபூதாவூத்). வளர்க்க வேறு ஆள் இருக்கும்போது தாய் இதை விட்டுக் கொடுக்கலாம். பிறகு மனம் மாறித் திரும்பக் கேட்டால் ஷாஃபிஈ, ஹனஃபி இரண்டு மத்ஹபிலும் அவருக்கு வழி உண்டு. பிள்ளை தந்தையிடமே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு குலா நடந்தால், குலா செல்லும், நிபந்தனை செல்லாது என்று ஹனஃபி சட்ட நூல்கள் சொல்கின்றன. காரணம், அது பிள்ளையின் ஹக்.

தாய்மார்கள் இந்த வரியை ஏன் எழுதிக் கொடுக்கிறார்கள் தெரியுமா? பெரும்பாலும் மறு சம்பந்தம் பேச வருபவர்கள், பிள்ளை இல்லாமல் வந்தால் சரி என்று சொல்லிவிடுவதால்தான். இருபத்து மூன்று வயதுப் பெண் என்ன செய்வாள்? அந்த மாப்பிள்ளை வீட்டாருக்கு உம்மு ஸலமா (ரழி) அவர்களின் வரலாற்றை யாராவது சொல்லுங்கள். விதவையாகி, சிறு பிள்ளைகளோடு இருந்த அவர்களை நபி (ஸல்) அவர்கள் பிள்ளைகளோடு சேர்த்தே ஏற்றுக் கொண்டார்கள். அவர்களின் மகன் உமர் பின் அபீஸலமா (ரழி) தட்டில் அங்குமிங்கும் கைவிட்டுச் சாப்பிட்ட சிறுவன். பிஸ்மி சொல்லி, வலக்கையால், உனக்கு அருகில் இருப்பதைச் சாப்பிடு என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுக் கொடுத்தது அந்தப் பிள்ளைக்குத்தான். நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக் கொடுக்கும் சாப்பாட்டு ஒழுக்கம், மனைவியின் முதல் கணவருடைய மகனுக்குச் சொல்லப்பட்டது! தாய் மறுமணம் செய்துவிட்டாலும், அடுத்த உரிமை தாயின் தாய்க்கு. இதைச் சொல்லாமலேயே தந்தை வீட்டில் பிள்ளையைத் தூக்கிக் கொண்டு போய்விடுகிறார்கள்.

தகப்பன்மார்களே, உங்களுக்கும் ஒன்று. இருபது வருடம் கழித்து அந்த மகளுக்கு நிகாஹ் வரும். பதிவேட்டைத் திறந்ததும் இமாம் கேட்கும் முதல் கேள்வி, வலி யார்? தாய்மாமன் எழுந்து நிற்பார். தந்தை உயிரோடு இருக்கும்போது தாய்மாமன் வலியாக முடியாது. சம்பந்தமில்லை என்று எழுதிய மனிதரைத் தேடிப் போன் போடுவார்கள். அவர் இரண்டாவது குடும்பத்தோடு எங்கோ இருப்பார். அந்த அரை மணி நேரம் மணப்பெண் உள்ளே என்ன நினைத்துக் கொண்டு உட்கார்ந்திருப்பாள்?

பிள்ளையில்லாத அக்காவுக்கு வளர்க்கக் கொடுப்பது வேறு விஷயம், அது ஆகுமானது. ஆனால் அல்அஹ்ஸாப் 5-ஆம் வசனப்படி தந்தை பெயர் மாறக் கூடாது. வளர்க்கவே வழியில்லாத நிர்க்கதியில் இருப்பவர்கள் யாரிடமோ இரகசியமாகக் கொடுத்துவிடாதீர்கள். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைக்க முடியும். அங்கேயும் விசாரணை, ஆலோசனை எல்லாம் செய்து, கையெழுத்துக்குப் பிறகு மனம் மாறுவதற்கு இரண்டு மாத அவகாசம் தருகிறார்கள். நம் அலுவலகத்தில் இரண்டு நிமிடம்கூடத் தருவதில்லை.

ஜமாஅத் பொறுப்பாளர்களே, அந்த வரிக்குப் பதிலாக நான்கு விஷயங்களை எழுதுங்கள். பிள்ளை யாரிடம் இருக்கும், எந்த வயது வரை, மாதம் எவ்வளவு எந்தத் தேதிக்குள், மற்றவர் எந்த நாளில் வந்து பார்ப்பார். பார்க்க வருபவரைத் தடுக்க இரு தரப்புக்கும் உரிமையில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஏற்கெனவே அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டவர்கள், தாயோ தந்தையோ, அந்தத் தாளை எடுத்துக் கொண்டு அஸருக்குப் பிறகு அலுவலகத்துக்கு வாருங்கள். இரு வீட்டாரையும் அழைத்து உட்கார வைத்து, வேறு தாள் எழுதலாம்.