இரண்டு கல், ஒரு விசிறி, 60 லிட்டர் கடல்

தூத்துக்குடியிலிருந்து வந்து இறங்கிய அன்றைக்கே அம்மா கண்ணாடித் தொட்டி முன்னால் நின்று கேட்டாள்: "ஏல, இந்தச் சுண்ணாம்புக் கல்லுக்கா துட்டு குடுத்த?"

அவள் கேட்டதில் தப்பில்லை. அவள் சிறுமியாக இருந்த காலத்தில் மன்னார் வளைகுடாவின் பவளப்பாறையைப் பெயர்த்து வண்டி வண்டியாகக் காளவாசலுக்குக் கொண்டுபோவார்கள். அப்படிப் போன கல்லில் கைப்பிடி அளவை மகன் காசு கொடுத்து வாங்கி, நீல விளக்குப் போட்டு வரவேற்பறையில் வைத்திருக்கிறான்.

நான் இருப்பது சிங்கப்பூரில், வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் நாலறை வீட்டில். தொட்டி 60 செ.மீ. நீளம், 30 அகலம், 36 உயரம். உள்ளே இரண்டு கல், ஒரு ஜோடி கோமாளி மீன், ஒரு கிளீனர் இறால், சில நத்தைகள், ஐந்து வகைப் பவளம். சாதனம் என்றால் ஒரு எல்இடி விளக்கு, அலை உண்டாக்கும் பம்பு ஒன்று, பஞ்சு வைத்த சின்ன ஃபில்டர், ஒரு விசிறி. இந்த அளவுக்கு வந்து சேர எனக்கு நாலு வருஷம் ஆயிற்று. ஆரம்பத்தில் இதைப்போல மூன்று மடங்கு சாமான் இருந்தது.

குறைவான சாமானோடு பவளம் வளர்ப்பது ஒன்றும் புதுசில்லை. ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் உயிருள்ள கடல்பாறை, காற்றுக்குமிழி, வெயில் இவற்றை வைத்தே வளர்த்துக் காட்டி, 1961-இல் அதைப் பற்றிக் கட்டுரையும் எழுதினார். பாறையின் துளைகளில் குடியிருக்கும் பாக்டீரியாதான் உண்மையான ஃபில்டர். இதை நான் படித்தது, கழிவை நுரையாக்கி வெளியேற்றும் ஸ்கிம்மர் வாங்கிய பிறகு என்பதுதான் சோகம்.

முதல் பாடம் உப்பு. தண்ணீர் ஆவியாகும்போது உப்பு போகாது, தண்ணீர் மட்டும்தான் போகும். சொன்னால் சின்னப்பிள்ளைக்கும் புரியும். ஆனாலும் முதல் பத்து நாள் நான் குறைந்த அளவுக்கு உப்புநீரையே ஊற்றிக்கொண்டிருந்தேன். விசிறி ஓடும் தொட்டியில் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் போல ஆவியாகும். பத்து நாளில் ஆயிரத்துக்கு 35 இருக்க வேண்டிய உப்பு 39-ஐத் தொட்டுவிட்டது. அதையும் உடனே கண்டுபிடிக்கவில்லை. முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் முள்ளோடு ஒரு காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டிருந்தது. அது ஏதோ ஒரு எண்ணைக் காட்டியது, நானும் நம்பினேன். நத்தைகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடியை விட்டுக் கீழே விழுந்தபோதுதான் சந்தேகம் வந்தது. அன்றைக்கே ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கினேன். அதையும் மாதம் ஒருமுறை 35 அளவுக் கரைசலை விட்டுச் சரிபார்த்துக்கொள்கிறேன்.

இப்போது கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு நேராகக் கறுப்பு டேப் ஒன்று ஒட்டியிருக்கிறேன். நீர் அதற்குக் கீழே போனால் நல்ல தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டும். நல்ல தண்ணீர் என்றால் குழாய்த் தண்ணீர் இல்லை. இங்கே குழாய்த் தண்ணீரைக் குளோரமின் போட்டுச் சுத்திகரிக்கிறார்கள். குளோரின் மாதிரி ஒரு ராத்திரி திறந்து வைத்தால் அது போய்விடாது. கரி ஃபில்டர், ஆர்ஓ, அயனியை நீக்கும் டிஐ மூன்றையும் கடந்து, டிடிஎஸ் மீட்டரில் பூஜ்யம் காட்டும் தண்ணீரைத்தான் ஊற்றுகிறேன். இந்தத் தண்ணீர் விஷயத்தில் கஞ்சத்தனம் பண்ணாமல் இருந்ததுதான் நான் செய்த உருப்படியான காரியம்.

அடுத்தது சூடு. மதியம் வீட்டுக்குள் 31 டிகிரி இருக்கும். பம்பும் விளக்கும் சேர்ந்து தண்ணீரை இன்னும் ஏற்றிவிடும். கடலில் கோடையின் உச்ச வெப்பத்துக்கு மேலே ஒரு டிகிரி கூடி, அது சில வாரம் நீடித்தாலே பவளம் தன் திசுவுக்குள் குடியிருக்கும் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகும். சிங்கப்பூரின் தெற்குத் தீவுகளிலேயே 1998, 2010, 2016, 2024 ஆகிய வருஷங்களில் இது நடந்தது. கடலுக்கே அந்தக் கதி என்றால் 60 லிட்டர் எம்மாத்திரம். சில்லர் வாங்கினால் சத்தமும் மின்கட்டணமும் கூடும். நீர்ப்பரப்பின் மேல் சாய்வாக ஊதும் ஒரு விசிறியை வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவியில் மாட்டியிருக்கிறேன். 27-ஐத் தாண்டினால் ஓடும். மழைக்கால ஈரக்காற்றில் அது சரியாக வேலை செய்யாது, அன்றைக்கு மட்டும் ஏசி. முக்கியமாக, மூடி போடாதீர்கள். மீன் குதிக்கும் என்று பயமிருந்தால் வலை போடலாம்.

புதுத் தொட்டியில் அம்மோனியா, நைட்ரைட் சுழற்சி முடிய நாலிலிருந்து ஆறு வாரம் என்பது எல்லோரும் சொல்வதுதான். அதற்குப் பிறகு மணலெல்லாம் பழுப்பாகும், அதைப் பார்த்துப் பதறக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

என்னை நிஜமாகவே படுத்தி எடுத்தது வேறு. எட்டாவது மாதம் எனக்குச் சுத்த வெறி பிடித்தது. நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் பூஜ்யம் என்று காட்டினால்தான் தூக்கம் வரும். ஸ்கிம்மரை ராப்பகலாக ஓட்டினேன், பாஸ்பேட்டை உறிஞ்சும் பொடியைப் போட்டேன், மீனுக்கு இரண்டு நாளுக்கு ஒருமுறைதான் தீனி. சோதனைக் குழாயில் நீர் நிறமே மாறாமல் நின்றபோது மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் "வெறும் தண்ணி மாதிரி இருக்கு" என்றாள். அதுதானே சாதனை என்று நினைத்தேன்.

இரண்டு வாரத்தில் மணல் மேல் பழுப்பு நிறத்தில் சளி மாதிரி இழைகள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு காற்றுக்குமிழி. காலையில் குறைவாக இருக்கும். விளக்கு எரிய எரியக் கல்லையும் பிடித்துக்கொள்ளும். ஜோவாந்தஸ் என்ற பவளங்கள் எல்லாம் பூவை மூடிக்கொண்டன. அது டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்பாசி. மற்ற பாசியும் பாக்டீரியாவும் பட்டினியில் ஒடுங்கியதும் காலியான இடத்தை இது பிடித்துக்கொண்டது. பவளத்துக்குள் இருந்துகொண்டு அதற்குச் சோறு போடும் பாசியும் இதே பெரும்பிரிவைச் சேர்ந்ததுதான் என்பது வேடிக்கை.

தீர்வு கேட்டால் சிரிப்பீர்கள்: அழுக்காக்க வேண்டும். பொடியை எடுத்து எறிந்தேன், ஸ்கிம்மரை நிறுத்தினேன், மீனுக்கு தினம் இரண்டு வேளை தீனி போட்டேன், தண்ணீர் மாற்றுவதைச் சில வாரம் விட்டுவிட்டு, இழைகளை மட்டும் மெல்லிய குழாயால் உறிஞ்சி, துணியில் வடிகட்டி நீரைத் திரும்ப ஊற்றினேன். முழுசாகப் போக இரண்டு மாதம் ஆயிற்று. ஸ்கிம்மரை அப்புறம் விற்றுவிட்டேன். இன்றைக்கு என் தொட்டியில் நைட்ரேட் 5-லிருந்து 10, பாஸ்பேட் 0.05-ஐ ஒட்டி நிற்கிறது. கண்ணாடியில் மூன்று நாளுக்கொருமுறை பச்சை படியும். அதைச் சுரண்டுவது எனக்கு இப்போது நிம்மதியான வேலை.

வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை 6 லிட்டர் மாற்றுகிறேன். லிட்டருக்கு சுமார் 36 கிராம் உப்பு. சமையலறைத் தராசில் நிறுத்து, முந்தின இரவே கலக்கி வைத்துவிடுவேன். பவளம் எலும்பு கட்ட வேண்டிய கால்சியமும் காரத்தன்மையும் ஐந்து வகைக்கு இந்தப் புது நீரிலிருந்தே கிடைத்துவிடுகின்றன. காரத்தன்மை 8 டிகேஹெச், கால்சியம் 420 பிபிஎம் பக்கம் இருந்தால் நான் எதிலும் கை வைப்பதில்லை. கல் பவளத்தைக் கூட்டினால் தனியாக மருந்து ஊற்ற வேண்டிவரும். கூட்டாமல் இருப்பது எனக்குச் சுலபம்.

இடைவெளியைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. தொட்டி காலியாகத் தெரிகிறதே என்று டார்ச் பவளத்தை ஜோவாந்தஸுக்குப் பக்கத்தில் வைத்தேன். பகலில் இரண்டும் சமர்த்து. இரவு விளக்கணைந்த பிறகு சிவப்பு டார்ச் லைட்டை அடித்துப் பார்த்தால், டார்ச் பவளத்தின் விளிம்பிலிருந்து நூல் மாதிரி ஒரு கொடுக்கு, நுனியில் வெள்ளைப் பொட்டோடு, நீரோட்டத்தில் ஆடியாடிப் பக்கத்துப் பூக்களைத் தொட்டுத் தொட்டு வந்தது. தொட்ட இடமெல்லாம் ஒரு வாரத்தில் கரைந்துபோயிற்று. நான் 15 செ.மீ. விட்டுத்தான் வைக்கிறேன். பச்சைப் புல் மாதிரிப் படரும் ஸ்டார் பாலிப்பைத் தனிக்கல்லில் மணல் நடுவே தீவாக வைத்திருக்கிறேன். பிரதான பாறையில் ஏறவிட்டால் அது வீட்டையே எழுதி வாங்கிக்கொள்ளும்.

கையுறை அவசியம். ஜோவாந்தஸ் இனத்தில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. வெட்டும்போது கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். பூச்சி ஒழியட்டும் என்று அவை ஒட்டியிருக்கும் கல்லை மட்டும் ஒருபோதும் வெந்நீரில் போடவோ கொதிக்க வைக்கவோ வேண்டாம், அந்த ஆவியே ஆளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடும்.

ஊரிலிருக்கும் சித்தப்பா மகன், "அண்ணே, கடல் பக்கத்துலதான இருக்கு, நானும் ரெண்டு கல்லு எடுத்து வச்சுக்கிடவா?" என்று கேட்டான். கூடவே கூடாது என்றேன். இந்தியாவில் கல் பவளம் 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது; புலிக்கு என்ன காவலோ அதே காவல். இங்கேயும் நான் கடலில் எடுப்பதில்லை, தொட்டியில் வளர்த்து வெட்டிய துண்டாகப் பார்த்துத்தான் வாங்குகிறேன்.

போன மாதம் வேலையாக நாலு நாள் வெளியூர் போக வேண்டி வந்தது. நல்ல தண்ணீரைப் பாட்டில்களில் நிரப்பி, உப்புநீர் வாளியை மறைத்து வைத்துவிட்டு, அம்மாவிடம் கறுப்பு டேப்பைக் காட்டினேன். "தோசை மாவுல தண்ணி பாக்குறவளுக்கு இது தெரியாதாக்கும்" என்றாள். திரும்பி வந்ததும் முதல் வேலையாக ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். 35. தீனிதான் கொஞ்சம் கூடிப்போயிருந்தது. பெரிய மீன், அந்த ஜோடியில் அதுதான் பெண், என்னைக் கண்டுகொள்ளாமல் அம்மா உட்கார்ந்திருந்த பக்கமாகவே நீந்திக்கொண்டிருந்தது.